குளிர் பிளாஸ்மா வரட்டும், குளோரினை விரட்டாதீர்கள்

குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடித்தால் கெட்ட தண்ணீர், அடிக்காவிட்டால் நல்ல தண்ணீர் என்ற முடிவு சுரண்டை, தென்காசி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு ஊறிக் கிடக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்த நாளில், குடத்தில் பிடித்ததைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் கேன் தண்ணீருக்குச் சொல்லிவிடுகிறார்கள். இந்த வெறுப்புக்கு இப்போது அறிவியலின் பெயரில் ஆதரவு சேர்ந்திருக்கிறது. குளிர் பிளாஸ்மா என்றொரு நுட்பம் தண்ணீரில் இருக்கும் வைரஸ்களை நிமிடக் கணக்கில் செயலிழக்க வைக்கிறது, அதற்கு மின்சாரமும் காற்றும் போதும், கெமிக்கலே தேவையில்லை, ஆகவே குளோரின் காலம் முடிந்துவிட்டது என்பது அந்த ஆதரவு. படித்தவர்கள் வாயிலிருந்து வருவதால் அதற்கு மதிப்பும் கூடுகிறது. வெறும் தவறான கருத்தாக இருந்தால் விட்டுவிடலாம். குடிநீரில் இருக்கிற ஒரே காவலையும் எடுத்துவிடச் சொல்லும் கருத்து என்பதால் அதை வரிசையாக மறுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். ஒரு வாயுவின் மீது கடுமையான மின்னழுத்தத்தைச் செலுத்தினால் அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்றுவிடும். கழன்ற எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த அந்த நிலைதான் பிளாஸ்மா. மின்னல் சுடும் பிளாஸ்மா. குளிர் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் மட்டும் பல்லாயிரம் டிகிரிக்குச் சமமான வேகத்தில் பாய்கின்றன. வாயுவோ கிட்டத்தட்ட அறையின் வெப்பத்திலேயே இருக்கிறது. அந்த எலக்ட்ரான்கள் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் நீராவியையும் உடைத்து ஹைட்ராக்சில், ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு என்று வீரியம் மிக்க மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. அவை வைரஸின் புரத உறையைச் சிதைக்கின்றன, உள்ளே இருக்கும் மரபுப்பொருளையும் அறுக்கின்றன. ஸ்லோவேனியாவின் தேசிய உயிரியல் நிறுவனமும் யோசெஃப் ஸ்டெஃபான் நிறுவனமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மிளகாயையும் தக்காளியையும் தாக்கும் உருளைக்கிழங்கு ஒய் வைரஸ் இப்படித் தண்ணீருக்குள்ளேயே செயலிழந்தது. நம் நாட்டில் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் பிளாஸ்மா ஊட்டிய தண்ணீரின் பயன்களை ஆராய்ந்துவருகிறது. குளோரின் மீது சொல்லும் குற்றங்களிலும் உண்மை உண்டு. 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஆட்களை மூச்சடைத்துக் கொன்ற வாயு அதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் இலைதழைச் சத்தோடு அது சேரும்போது குளோரோஃபார்ம் முதலான துணைப்பொருள்கள் உண்டாவதை 1974இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் யோஹானஸ் ரூக் கண்டறிந்து எழுதினார்.

இந்தத் தகவல்கள் அத்தனையும் சரி. இவற்றிலிருந்து இழுக்கும் முடிவுதான் தப்பு. ஓர் இடத்தில் வைரஸைக் கொல்ல முடிகிறது என்பதும், அந்தத் தண்ணீர் குடிப்பவர் வாய்க்குப் போகும்வரை கிருமியில்லாமல் இருக்கும் என்பதும் வெவ்வேறு செய்திகள். முதலாவதற்கான ஆதாரத்தைக் காட்டி இரண்டாவதை நிரூபித்துவிட்டதாக நினைக்கிறார்கள். வாதத்தின் மற்ற ஓட்டைகள் எல்லாம் இதிலிருந்து பிறக்கின்றன.

1. கெமிக்கல் இல்லையென்றால் வைரஸ் எதனால் சாகிறது? வைரஸ் என்பது புரத உறைக்குள் சுருட்டி வைத்த மரபுப்பொருள், அவ்வளவுதான். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸின் விட்டம் சுமார் 30 நானோமீட்டர். கொதிக்க வைப்பதையும் புற ஊதா ஒளியையும் ஒதுக்கிவிட்டால், தண்ணீருக்குள் அதை அழிக்க நம்மிடம் இருக்கும் பெரிய ஆயுதம் ஆக்சிஜனேற்றம். குளோரின் செய்வது அது. குளிர் பிளாஸ்மா செய்வதும் பெரும்பாலும் அதுவே. ஓசோன் ஒரு ரசாயனம், ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு ரசாயனம், ஹைட்ராக்சில் இவற்றைவிட வெறி பிடித்த ரசாயனம். மூட்டையிலிருந்து அள்ளிப் போடாமல் கருவிக்குள்ளேயே தயாரிக்கிறார்கள் என்பதால் அவை ரசாயனம் இல்லாமல் போய்விடாது. காற்றைக் கொண்டு பிளாஸ்மா உண்டாக்கினால் காற்றில் ஐந்தில் நான்கு பங்கான நைட்ரஜனும் வேதிவினைக்குள் வந்துவிடும். விளைவாகத் தண்ணீரில் நைட்ரைட்டும் நைட்ரேட்டும் ஏறும், தண்ணீர் அமிலத்தன்மை அடையும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதில் தளர்வும் கொடுக்கவில்லை. அளவு மீறினால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும் என்பதே காரணம். யூரியா போட்ட வயல்களை ஒட்டிய கிணற்று நீரில் ஏற்கெனவே நைட்ரேட் இருக்க வாய்ப்புண்டு. அதன் மேல் கருவி எவ்வளவு கூட்டும் என்று கேட்காமல் கெமிக்கல் இல்லாத தண்ணீர் என்று பெயர் சூட்டுவது அறிவியலாகாது. தண்ணீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றும் என்பதும் தெரிந்த விஷயம். உலக சுகாதார நிறுவனம் புரோமேட்டுக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வரம்பு விதித்திருக்கிறது. எந்த ஆக்சிஜனேற்றியும் மிச்சம் வைக்காமல் போவதில்லை. குளோரினின் மிச்சங்களைப் பற்றி நமக்கு ஐம்பது ஆண்டு ஆய்வு இருக்கிறது. பிளாஸ்மாவின் மிச்சங்களைப் பற்றி அதில் சிறு பகுதிகூட இல்லை.

2. இது நேற்று பிறந்த நுட்பமா? 1857இல் வெர்னர் வான் சீமன்ஸ் இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே காற்றை ஓடவிட்டு உயர் மின்னழுத்தம் கொடுத்து ஓசோன் தயாரித்தார். அந்தக் குழாய்க்குள் ஒளிர்ந்தது குளிர் பிளாஸ்மா. இன்றைக்கு ஆய்வுக்கூடங்களில் பேசப்படும் மின்காப்புத் தடைவழி மின்னிறக்கம் அதன் நேரடி வாரிசு. அந்த ஓசோனைக் கொண்டு பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதலே குடிநீரைச் சுத்திகரித்தது. அமெரிக்காவின் ஜெர்சி நகரம் குளோரினைத் தொடர்ச்சியாகக் கலக்கத் தொடங்கியது 1908இல்தான். ஆக, பிளாஸ்மாவில் பிறந்த ஆக்சிஜனேற்றியும் குளோரினும் நூறு ஆண்டுகளுக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்திருக்கின்றன. அந்த நூறு ஆண்டில் நகரங்கள் கண்ட பாடம் என்ன? ஓசோன் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் அருமையாக வேலை செய்கிறது. வெளியே வந்த சில நிமிடங்களில் சிதைந்துபோகிறது. அதனால்தான் ஓசோன் நிலையம் வைத்திருக்கும் ஊர்களில் பெரும்பாலானவை தண்ணீரைக் குழாயில் விடுமுன் குளோரினையோ குளோரமினையோ சிறிதளவு சேர்க்கின்றன. பழசுக்கும் புதுசுக்கும் நடக்கும் போட்டியாக இதைக் காட்டுபவர்கள், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து முடிவெடுத்த ஊர்களின் அனுபவத்தை வாசகரிடம் சொல்வதில்லை.

3. நம் தண்ணீர் எங்கே கெடுகிறது? கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, வழியில் துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில் கலக்கிறது. சாரல் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அருவிகளில் குளிக்கிறார்கள். அந்தத் தண்ணீரும் கீழே ஓடத்தான் செய்கிறது. மூலிகை கலந்த தண்ணீர், ஓடுகிற தண்ணீர், அதில் கிருமி நிற்காது என்ற நம்பிக்கைக்கு வைரஸ் கட்டுப்படாது. ரோட்டா வைரஸ் கண்ட குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் பல ஆயிரம் கோடி வைரஸ் துகள்கள் இருக்கும். இவ்வளவும் உண்மையென்றாலும், ஆறு கெட்டது கதையின் பாதிதான். தாமிரபரணிக் கரையிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்கள் மாவட்டத்து ஊர்களுக்கு நெடுந்தூரம் ஓடுகின்றன. அந்தத் தண்ணீர் தரைமட்டத் தொட்டிக்கு வந்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, தெருவுக்குத் தெரு முறை வைத்துத் திறக்கப்படுகிறது. இருபத்துநான்கு மணி நேரமும் குழாயில் அழுத்தம் இருப்பதில்லை. வால்வை அடைத்ததும் குழாய் காலியாகும், உள்ளே அழுத்தம் குறையும். வீட்டு இணைப்புக் குழாய்கள் வாறுகாலைத் தாண்டியும், பல இடங்களில் வாறுகாலுக்குள்ளேயே மூழ்கியும் போகின்றன. மூட்டு கசியும் இடத்தில், தண்ணீர் வரும்போது வெளியே கசியும். வராதபோது வெளியே இருப்பது உள்ளே போகும். சில வீடுகளில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள், அது சாக்கடையை இன்னும் வேகமாக உள்ளே இழுக்கும். அடுத்த முறை திறக்கும்போது முதலில் வரும் தண்ணீரில் இது கலந்திருக்கும். அதன் பிறகு வீட்டுத் தரையடித் தொட்டி, மாடியில் பிளாஸ்டிக் டேங்க், கடைசியில் கை முங்கும் குடம்.

தொட்டிக்குப் பின்னால் இத்தனை வாசல்கள் திறந்திருக்க, தொட்டி வாசலில் மட்டும் நின்று வைரஸைக் கொல்லும் கருவியால் என்ன பயன்? ஹைட்ராக்சிலின் ஆயுள் தண்ணீருக்குள் ஒரு நொடியின் மிகமிகச் சிறு பகுதிதான். ஓசோன் நம் ஊர் வெயிலில் நிமிடங்களில் போய்விடும். ஹைட்ரஜன் பெராக்சைடு நிற்கும், ஆனால் அந்தச் சிறிய அளவில் வைரஸை விரைவாக அழிக்கும் திறன் அதற்கில்லை. குளோரின் மட்டும் தண்ணீரோடு கூடவே நடந்து தெருக்கோடிவரை போகிறது. உடைப்பெடுத்த இடத்தில் உள்ளே நுழைந்த கிருமியை அங்கேயே எதிர்கொள்கிறது. ஐ.எஸ். 10500 இதைத் தெளிவாகவே சொல்கிறது. எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும், வைரஸிடமிருந்து பாதுகாப்பு தேவைப்படும்போது குறைந்தது 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும், அதை அளக்க வேண்டிய இடம் நுகர்வோர் முனை. சுத்திகரிப்பு நிலையத்தின் வாசல் என்று அது சொல்லவில்லை.

நெதர்லாந்தைக் காட்டி இதை மறுப்பார்கள் என்று தெரியும். ஆம்ஸ்டர்டாம் மக்கள் எஞ்சிய குளோரின் இல்லாத குழாய்த் தண்ணீரைப் பல்லாண்டாகக் குடிக்கிறார்கள், நோயில்லை. உண்மை. அங்கே குழாயில் இரவும் பகலும் அழுத்தம் குறைவதில்லை, கசிவு மிகமிகக் குறைவு, கிருமி தின்று வளர்வதற்கான சத்துகூட இல்லாத அளவுக்குத் தண்ணீரை வடிகட்டிய பிறகே குழாயில் விடுகிறார்கள். அந்த மூன்றையும் சுரண்டைக்குக் கொண்டுவாருங்கள், எஞ்சிய குளோரின் வேண்டுமா என்று அன்றைக்குப் பேசலாம். மூன்றில் ஒன்றும் இல்லாத ஊரில் நாலாவதை மட்டும் பின்பற்றச் சொல்வது, கூரை வேயாத வீட்டில் குடையையும் தூக்கி எறியச் சொல்வதுபோல்.

4. ஆய்வுக்கூடக் குவளையும் லட்சம் லிட்டர் தொட்டியும் ஒன்றா? பிளாஸ்மாவின் வீரிய மூலக்கூறுகள் தண்ணீரின் மேற்பரப்பில்தான் பிறக்கின்றன. ஆயுள் குறைந்தவை அங்கேயே தீர்ந்தும் போகின்றன. ஆகவே தண்ணீரை மெல்லிய படலமாக ஓடவிட வேண்டும், அல்லது நுண்ணிய குமிழ்களாக வாயுவை ஊத வேண்டும், அல்லது மில்லிலிட்டர் கணக்கில் வைத்துச் செய்ய வேண்டும். வெளியாகும் ஆய்வுகளில் பெரும்பாலானவை கடைசி வகை. ஹெபடைடிஸ் ஈ வைரஸை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதே பெரும்பாடு என்பதால், பாக்டீரியாவைத் தாக்கும் எம்.எஸ்.2 போன்ற தீங்கில்லாத வைரஸ்களையோ பயிர் வைரஸ்களையோ மாதிரியாக வைத்துப் பரிசோதிக்கிறார்கள். ஆய்வு முறையாக அது சரியானதுதான், அந்த ஆய்வாளர்கள் யாரும் நாளைக்கே நகராட்சித் தொட்டியில் மாட்டச் சொல்லவும் இல்லை. சொல்வது இங்கே அதைப் படித்துவிட்டு வருபவர்கள். எதிர்ப்பக்கத்தில் குளோரினின் கணக்கு எவ்வளவு எளிது பாருங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அட்டவணைப்படி, 20 டிகிரி வெப்பத்தில் பதினாயிரம் வைரஸில் ஒன்று மட்டுமே மிஞ்சும்படி அழிக்க, குளோரின் அளவையும் நிமிடத்தையும் பெருக்கினால் 3 வர வேண்டும். 0.5 மில்லிகிராம் அரை மணி நேரம் நின்றால் 15 வருகிறது, தேவையைப் போல் ஐந்து மடங்கு. நம் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருப்பதால் வேலை இன்னும் விரைவாக நடக்கும். 33 சதவீதக் குளோரின் உள்ள நல்ல பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 0.8 மில்லிகிராம் குளோரின் சேரும். லட்சம் லிட்டர் தொட்டிக்குக் கால் கிலோ. தண்ணீர் கொஞ்சம் அழுக்காக இருந்தால் அதற்குத் தக்கபடி கூடும். மின்வெட்டு இதைத் தடுக்காது, மின்முனை தேய்ந்துபோய் உதிரிப்பாகத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

5. டெல்லியை மறந்துவிட்டோமா? 1955 கடைசியில் யமுனை வழி மாறி, நஜஃப்கர் ஓடையின் சாக்கடை வஜீராபாத் நீரேற்று நிலையத்துக்குள் புகுந்தது. அடுத்த சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. ஹெபடைடிஸ் ஈ என்று பிற்காலத்தில் அடையாளம் காணப்பட்ட வைரஸ் அது. நிலையத்தில் குளோரின் போடாமல் இல்லை, வழக்கத்தைவிடக் கூட்டித்தான் போட்டார்கள். டைஃபாய்டு போன்ற பாக்டீரியா நோய்கள் பெருகாமல் அது காத்தது, வைரஸை நிறுத்தவில்லை. குளோரினை எதிர்ப்பவர்களுக்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது. ஆனால் இந்தச் சான்று அவர்கள் பக்கம் நிற்கவில்லை. சாக்கடை கலந்த தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கும் அம்மோனியாவும் குளோரினை முதலில் தின்றுவிடுகின்றன. கலங்கல் துகள்களுக்குள் ஒளிந்த வைரஸைத் தொட மிச்சம் இருப்பதில்லை. ஹைட்ராக்சிலும் ஓசோனும் இந்த விதிக்கு விலக்கா? இல்லை. அவை குளோரினைவிடப் பேராசைக்காரர்கள். கண்ணில் பட்ட கரிமப்பொருளையெல்லாம் தாக்கித் தீர்ந்துபோவார்கள். மழை வெள்ளத்தில் சிற்றாறு செம்மண் நிறத்தில் ஓடும்போது குளோரினும் தோற்கும், பிளாஸ்மாவும் தோற்கும். அப்போது காப்பாற்றுவது மணல் வடிகட்டியும், படிகாரம் போட்டுத் தெளியவைக்கும் தொட்டியும், சாக்கடை ஆற்றில் சேராத ஏற்பாடும். டெல்லி சொன்ன பாடம் இதுதான்: கலங்கலை நீக்காமல் எதைப் போட்டும் பயனில்லை, பாக்டீரியாப் பரிசோதனை நன்றாக வந்தது என்பதற்காக வைரஸ் இல்லை என்று இருந்துவிடவும் கூடாது.

6. புற்றுநோய் வரும் என்றால்? இந்த அச்சத்தைக் கிண்டல் செய்யக் கூடாது, அளவோடு பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991இல் குளோரின் கலந்த குடிநீரைப் பரிசீலித்து, மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்தச் சான்று போதாது என்ற மூன்றாம் பிரிவில் வைத்தது. குளோரோஃபார்முக்கு நம் தரமே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. துணைப்பொருள்களைக் குறைக்க வழியும் தெரியும்: குளோரின் போடுமுன் தண்ணீரைத் தெளியவைத்து இலைதழைச் சத்தை நீக்க வேண்டும். துணைப்பொருளுக்குப் பயந்து கிருமிநீக்கத்தைத் தளர்த்தக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வெளிப்படையான நிலைப்பாடு. ஒருபுறம், வாழ்நாள் முழுவதும் குடித்தால் கூடக்கூடும் என்ற, அளக்கவே கடினமான சிறு ஆபத்து. மறுபுறம், இந்த மாதமே வரக்கூடிய காமாலை. ஹெபடைடிஸ் ஈ கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளைத் தாக்கினால் நூற்றில் இருபது, இருபத்தைந்து பேர்வரை இறக்கக்கூடும். இந்த இரண்டையும் தட்டில் வைத்துவிட்டுச் சமம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? போர்க்கள வாயுவைச் சுட்டுவதற்கும் பதில் இதுவே: நுரையீரலுக்குள் அடர்த்தியாகப் போன வாயுவும், லிட்டரில் அரை மில்லிகிராமும் பெயரால் மட்டுமே ஒன்று.

வாடைக்கும் ஒரு விளக்கம் தேவை. மூக்கைத் துளைக்கும் மருந்து வாடை பல நேரம் குளோரின் அதிகமானதால் வருவதில்லை. தண்ணீரில் இருக்கும் அம்மோனியாவோடும் கழிவோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. அதாவது, அழுக்கு வந்திருக்கிறது, குளோரின் அதனோடு போராடிக்கொண்டிருக்கிறது, ஒருவேளை போதாமலும் இருக்கிறது என்பதன் அறிகுறி. அந்த நேரத்தில் நகராட்சியைக் கூப்பிட்டுக் கசிவு எங்கே என்று கேட்க வேண்டும். மருந்தை நிறுத்தச் சொல்லி முறையிடுவது எச்சரிக்கை மணியைக் கழற்றச் சொல்வதில்தான் முடியும்.

7. அதுவரை ஆர்.ஓ. போதாதா? டி.டி.எஸ். மீட்டரில் எண் குறைந்தால் தண்ணீர் சுத்தம் என்று விற்பவர் காட்டுகிறார், வாங்குபவர் நம்புகிறார். அந்த மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனை வைத்துக் கரைந்த உப்பைக் கணக்கிடுகிறது. வைரஸ் அதன் கண்ணில் படாது. எண் 30 காட்டும் தண்ணீரில் காமாலைக் கிருமி இருக்கலாம், 600 காட்டும் தண்ணீரில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆர்.ஓ. சவ்வு நல்ல நிலையில் இருந்தால் வைரஸைத் தடுக்கும் என்பது சரி. ரப்பர் வளையம் தேய்ந்து ஓரம் கசிந்தாலோ, சவ்வை மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டினாலோ தடுக்காது. எல்லாம் சரியாக இருந்தாலும், உள்ளே இருந்த குளோரினையும் கரி வடிகட்டி எடுத்துவிடுவதால், வெளியே வரும் தண்ணீர் எந்தக் காவலும் இல்லாமல் பாத்திரத்தில் நிற்கிறது. சரியாகக் கழுவாத கேனில் அதை ஊற்றினால் கேனில் இருப்பது தண்ணீருக்குச் சேரும். பிளாஸ்மா தண்ணீருக்கும் இதே கதி. இரண்டையும் கேட்பவர்கள் ஒரே மயக்கத்தில் இருக்கிறார்கள்: ஒரு கருவியின் வாயிலிருந்து விழும் தண்ணீரைக் குடிக்கும் தண்ணீரென்றே எண்ணிவிடும் மயக்கம்.

தண்ணீரால் வந்த காமாலையை யாரும் தண்ணீரோடு சேர்த்துப் பார்ப்பதில்லை என்பதுதான் இந்த மயக்கம் நீடிக்க உதவுகிறது. ஹெபடைடிஸ் ஏ உடம்புக்குள் போய் நோய் தெரிய 15 முதல் 50 நாள்வரை ஆகும். ஹெபடைடிஸ் ஈ அதைவிடவும் தாமதிக்கலாம். கண் மஞ்சளாகும் நாளில், குடித்த தண்ணீர் குழாயைவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். நேற்றுச் சாப்பிட்ட கடைப் புரோட்டா மீது பழி விழும், வெயில் மீது விழும், உடல்சூடு மீது விழும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து ஆள் தேறிவிட்டால் (பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுவார்கள்) விசாரணை அதோடு முடிகிறது. குளோரின் நின்ற நாளின் விளைவு கண்ணுக்குத் தெரியாமலே போகிறது. குளோரின் போட்ட நாளின் வாடை மட்டும் உடனே தெரிகிறது. மக்களின் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கம், எர்ணாகுளம் மாவட்டத்து வேங்கூரில் 2024 கோடையில் இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைடிஸ் ஏ பரவியபோது, சரியாகக் குளோரின் கலக்காத குழாய்த் தண்ணீர் மீதுதான் கை நீண்டது. கல்வியிலும் மருத்துவத்திலும் நமக்கு முன்னே நிற்கும் மாநிலத்தில் நடந்தது அது.

இரண்டு மறுப்புகள் மிஞ்சுகின்றன, இரண்டும் நேர்மையானவை. குளோரின் எல்லாக் கிருமியையும் கொல்லாதே என்பது முதலாவது. கொல்லாதுதான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினைப் பொருட்படுத்துவதில்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அது வயிற்றுப்போக்கில் தள்ளியது. அதற்கு வடிகட்டலும் புற ஊதா ஒளியும் ஓசோனும் வேண்டும், நாளைக்குப் பிளாஸ்மாவும் அந்த வரிசையில் சேரலாம். அவை குளோரினுக்கு முன்னால் நிற்க வேண்டியவை, அதன் இடத்தில் உட்கார வேண்டியவை அல்ல. வைரஸைப் பொறுத்தவரை குளோரினே போதிய ஆயுதம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஒழுங்காகக் குளோரின் போடுவதே இல்லையே, ஒரு நாள் அள்ளிக் கொட்டுகிறார்கள், நாலு நாள் ஒன்றுமில்லை, இதை எப்படி நம்புவது என்கிறார்கள். கேட்பது நியாயம். ஆனால் இந்தக் குறை பொருளுடையது அன்று, அதைக் கையாளும் முறையுடையது. திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் மூட்டை நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் வாரக்கணக்கில் வீரியம் இழக்கும். அதை இறுக்கி மூடி நிழலில் வைப்பது ஒரு வேலை. சொட்டு சொட்டாகக் கலக்கும் பம்பு வைப்பது ஒரு வேலை. எஞ்சிய குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக் குழாய்க்குப் போய் நிறம் பார்ப்பது ஒரு வேலை. இவற்றைச் செய்ய ஆளில்லாத இடத்தில், உயர் மின்னழுத்தமும் வாயு ஓட்டமும் மின்முனையும் பார்த்துப் பராமரிக்க வேண்டிய கருவியை யார் நடத்துவார்கள்? மின்சாரத்தைக் கொண்டுதான் செய்ய வேண்டும், மூட்டை சுமக்க முடியாது என்றால் அதற்கும் வழி உண்டு. உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்தித் தொட்டியடியிலேயே ஹைப்போகுளோரைட் தயாரிக்கும் கருவிகள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. உப்பும் மின்சாரமும் போதும், எஞ்சிய காவலும் கிடைக்கும்.

பிளாஸ்மா ஆராய்ச்சியை நான் எதிர்க்கவில்லை. அதற்குரிய இடம் இருக்கிறது, அது நம் வட்டாரத்துக்கும் பொருந்தும். சுரண்டைச் சந்தைக்கு வரும் மிளகாயிலும் தக்காளியிலும் தேமல் நோய் தரும் வைரஸ்கள் பல. மண்ணில் வளரும் பயிரில் உருளைக்கிழங்கு ஒய் வைரஸைப் பரப்புவது முக்கியமாக அசுவினிதான், தண்ணீரைச் சுத்தம் செய்து அதை நிறுத்த முடியாது. ஆனால் மண்ணில்லாமல் ஊட்ட நீரையே திரும்பத் திரும்பச் சுழற்றும் பசுமைக்குடில்களில் ஒரு செடியின் வைரஸ் தண்ணீர் வழியே மற்றவற்றுக்குப் போகும். அங்கே குளோரின் எச்சம் வேருக்கு ஆகாது, சுழலும் தண்ணீரின் அளவும் குறைவு, தண்ணீர் போகும் பாதையும் மூடியது, நைட்ரேட் கூடினால் அது பயிருக்கு உரம். ஸ்லோவேனியா ஆய்வு ஒரு பயிர் வைரஸை எடுத்துக்கொண்டதில் பொருள் இருக்கிறது. மருத்துவமனைக் கழிவுநீரை வெளியே விடுமுன் அதிலுள்ள வைரஸையும் மருந்து எச்சங்களையும் உடைப்பதற்கும் இதே நுட்பம் உதவக்கூடும். இவை கருவியின் வாயிலேயே வேலை முடிந்துவிடும் இடங்கள். குடிநீர் அப்படி முடிவதில்லை, அதற்குப் பிறகும் பல கிலோமீட்டர் குழாயில் ஓட வேண்டும்.

சுரண்டை 2021இல் நகராட்சி ஆனது. மேல்நிலைத் தொட்டியின் சுவரில் சுத்தம் செய்த தேதியை எழுதும் பழக்கம் தமிழ்நாட்டு ஊர்களில் இருக்கிறது. அதன் பக்கத்தில், அந்தத் தொட்டியிலிருந்து போகும் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில், தண்ணீர் திறந்த முதல் சில நிமிடங்களில் அளந்த எஞ்சிய குளோரின் எவ்வளவு என்பதையும் நாள்தோறும் எழுத வேண்டும். 0.2க்குக் கீழே போன நாளில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அந்தத் தெருவுக்கு அறிவிக்க வேண்டும், கசிவைத் தேடித் தோண்ட வேண்டும். மழை வெள்ளக் காலத்திலும், காமாலை தலைகாட்டும் தெருக்களிலும் 0.5க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்மாக் கருவியோடு வருபவரிடம் கவுன்சிலர்கள் கேட்க வேண்டியதும் அதே குழாயைப் பற்றித்தான்: நீங்கள் சுத்தம் செய்த தண்ணீர், எட்டு மணி நேரம் அழுத்தமில்லாமல் கிடந்த குழாயைத் தாண்டி அங்கே வந்து விழும்போது அதில் என்ன காவல் மிஞ்சியிருக்கும், நைட்ரேட் எவ்வளவு ஏறியிருக்கும், கருவி நின்றுபோன நாளில் ஊர் எதைக் குடிக்கும்?